கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பந்தயம்

ராசிபுரத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் செண்பகவல்லிக்கு மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்காவது கொல்லிமலை ஏறலாம் என்று தன் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு வந்தால், அடிவாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தார் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க இருபது காரும் ஏறி இறங்குற வரைக்கும் பைக் எதுவும் போகக் கூடாது," என்றார் சங்கத் தலைவர் ரத்தினசபாபதி.

"ரோடு எல்லாருக்கும் பொதுதானே சார்?"

"வேகமா போறவங்களுக்குத்தாம்மா ரோடு. என்னை முந்திக் காட்டு, விடுறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற ஒரு நாளும் இப்படியா போக வேண்டும்? சாலையை ஒரு நோட்டம் விட்டாள்.

"உச்சி வரைக்கும் எதுக்கு சார்? அதோ, அந்த டீக்கடை வரைக்கும் போதும்."

நூறடி தூரம்கூட இல்லை. தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பாதி வழியில் கிறீச்சென்று நின்றது. எதிரே, வெள்ளைக்கோடுகூட இன்னும் அடிக்காத புது வேகத்தடை. தரையோடு தரையாக ஓடுகிற கார் அதில் ஏறினால் அடிப்பாகம் கிழிந்துவிடும். சங்கத்தார் ஓடிவந்து குனிந்து, "லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க!" என்று கத்திக்கொண்டிருந்தபோது, செண்பகவல்லி குலுங்கிக்கொண்டே தாண்டிப் போனாள்.

நிதானமாக ஒரு டீ குடித்து முடித்தாள். கார் இன்னும் தடைக்கு அந்தப் பக்கமே நின்றது.

"மேல இன்னும் எத்தனை தடை போட்டிருக்காங்கன்னு எண்ணிட்டு வந்து சொல்றேன் சார்," என்றாள். "அதுவரைக்கும் கிளம்பிடாதீங்க!"