பாய்மரத்தடியில் ஓர் இடம்

"பாய்மரம் மாத்தினா, முதல் ஓட்டத்துல அந்த மரத்தடியில உக்கார வேண்டியது..."

படகு ஓட்டியே வயதான பெரிய தண்டல், ஒரு கந்தூரி நாளில் இப்படிப் பேச ஆரம்பித்தது மொகுதூமுக்கு நினைவிருந்தது. மீதி நினைவில்லை. மரத்தை நட்டவன் உட்கார வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். வேறு யாரைச் சொல்லியிருக்க முடியும்?

மொகுதூமுக்கு ஐம்பத்திரண்டு வயது. பினாங்கில் அரிசிக் கிட்டங்கி ஒன்றில் இருபத்தாறு வருடம் மூட்டை சோதித்தவர். குத்தூசியை மூட்டைக்குள் செருகி, அதன் குழியில் வரும் அரிசியைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. ஊர் திரும்பியதும் கடற்கரையில் சூஃபிகள் கூடும் தைக்காவில் ஹஸ்ரத்திடம் சீடராகச் சேர்ந்தார். ஹஸ்ரத் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். சீடர் குருவை ஹஸ்ரத் என்றார். குரு சீடரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றார்.

தைக்காவுக்கு ஒரு பழைய வத்தை இருந்தது. பத்துப் பேர் கொள்ளும் சின்னப் பாய்ப் படகு. வியாழக்கிழமைகளில் எதிர்த் தீவில் அடங்கியிருக்கும் பெரியவரின் கபுருக்கு ஆட்களை ஏற்றிப் போகும். அதன் பாய்மரம் அடியில் உளுத்துவிட்டது.

வில்லாயுதம் ஆசாரி வந்து பார்த்தார். உளியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மாத்தணும்."

"ரெண்டு தட்டுலயே தெரிஞ்சுதா?" என்றார் மொகுதூம்.

"ஒரு தட்டுலயே தெரிஞ்சுது, மரைக்காயரே. ரெண்டாவது உங்களுக்காக."

வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஹஸ்ரத் மொகுதூமிடம் கொடுத்தார். அந்தக் கரையில் பதினாறு பாய்ப் படகுகள். ஒருவரைப் பற்றித் தைக்காவிலிருந்து கெட்ட சொல் ஒன்று வந்துவிட்டால், பதினாறு படகுக்காரரும் அதன் பிறகு அவரைக் கூப்பிட மாட்டார்கள். இது ஆசாரிக்குத் தெரியும். மொகுதூமுக்கும் தெரியும்.

புன்னை மரம் வந்தது. ஆசாரி அதைக் கழிமுகச் சேற்றில் புதைத்தார்.

"எதுக்குப் புதைக்கிறீங்க?"

"உப்புச் சேத்துல ஒரு மாசம் கெடந்தா பூச்சி ஏறாது."

அன்று மாலை மொகுதூம் ஹஸ்ரத்திடம் சொன்னார்: "சேத்துக்குள்ள மரத்தை மாத்தினா யாருக்குத் தெரியும்? அதான் பச்சைப் பெயின்டால ஒரு அடையாளம் வச்சிருக்கேன்."

"எங்க வச்சீங்க?"

"மேல, பட்டையில."

ஹஸ்ரத் தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து மரம் வெளியே வந்தது. ஆசாரி பட்டையை உரித்துச் செதுக்கிப் போட்டிருந்தார். பச்சை அடையாளத்தைக் காணோம்.

"என் அடையாளம் எங்க, ஆசாரியாரே?"

"பட்டையோட போயிருச்சு. வேணும்னா அடுப்புல தேடிப் பாருங்க. என் வீட்டுல அதாலதான் சோறு வெந்துச்சு."

மரத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மொகுதூம் சிரிக்கவில்லை.

அதன்பின் அவருக்கு எல்லாம் சந்தேகமாகப் பட்டது. ஆசாரி பழைய மரத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்: எதற்கு? புது மரத்துக்கு அவசரமாக மீன் எண்ணெய் தடவினார்: எதை மறைக்கிறார்? மொகுதூம் வரும்போது பாட்டை நிறுத்தினார்: பாடுகிறவன் ஏன் நிறுத்த வேண்டும்?

திங்கட்கிழமை ஆசாரி சாப்பிடப் போயிருந்தார். மொகுதூம் வீட்டிலிருந்து கை டிரில்லைக் கொண்டுவந்தார். காற்று அறையும்போது பாய்மரம் முறிந்தால், படகின் குறுக்குப் பலகை அதைப் பிடிக்கும் இடத்தில்தான் முறியும். அது அவருக்குத் தெரியும். அதனால் அந்த இடத்தில் துளை போட்டார். சுண்டுவிரல் பருமன். வந்த தூள் சுத்தமாக இருந்தது. நல்ல மரம்.

பினாங்கில் மேல்மூட்டையை மட்டும் நல்லதாக வைப்பார்கள்.

ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று போட்டார். நல்ல மரம். மறுபக்கம் மூன்றாவது. அதுவும் நல்ல மரம். மெழுகை உருக்கி மரத்தூளோடு குழைத்து மூன்றையும் அடைத்தார். மேலே மீன் எண்ணெய் தடவினார். கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மக்ரிப் தொழுகைக்குப் பின் விளக்கு மாடத்தருகே நின்று ஹஸ்ரத் சொன்னார்: "மெழுகுவத்தி ஒண்ணு பாதியா இருக்கு."

"எலியா இருக்கும், ஹஸ்ரத்."

"எலியாத்தான் இருக்கும்."

புதன்கிழமை காலை மரத்தைத் தூக்கிப் படகில் நட வேண்டும். மறுநாள் தீவுக்குப் போக வேண்டும். தூக்குவதற்கு ஆட்கள் வந்து நின்றார்கள். ஆசாரி மரத்தை ஒருமுறை கையால் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் கை நின்றது. குனிந்து மணலைப் பார்த்தார். மொகுதூமைப் பார்த்தார்.

"நாளைக்கு முதல் ஓட்டம்," என்றார் மொகுதூம் எல்லோருக்கும் கேட்கும்படி. "மரத்தடியில நீங்கதானே உக்காருவீங்க, ஆசாரியாரே?"

"நான் உக்கார முடியாது."

"ஏன்?"

"மொறை இல்ல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் மொகுதூம் இரண்டு மாதமாகக் காத்திருந்தார். நேராகத் தைக்காவுக்குள் போனார்.

"ஹஸ்ரத், தான் செஞ்ச மரத்தடியில தானே உக்கார மாட்டேங்கிறாரு. நான் ஆரம்பத்துலேர்ந்து சொன்னேனே. நீங்க வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் கரையில இனி எவனும் ஏமாறக் கூடாது."

ஹஸ்ரத் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்லணும், காக்கா?"

"ஒருத்தன் நம்பக்கூடியவனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதைச் சொல்லுங்க."

ஹஸ்ரத் வெளியே வந்தார். மரத்தருகே போய்க் குனிந்தார். எழுந்து, தூக்க வந்தவர்களிடம் சொன்னார்:

"இப்ப நட வேணாம். நெழல்லேர்ந்து எடுத்து வெயில்ல போடுங்க. லுஹர் வரைக்கும் கெடக்கட்டும்."

"எதுக்கு ஹஸ்ரத்?" என்றார் மொகுதூம்.

"மரத்துக்கிட்டேயே கேட்டுருவோம்."

ஆனி மாத வெயில். எண்ணெய் பூசிய மரம் தொட முடியாதபடி காய்ந்தது. ஆட்கள் பூவரச நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஆசாரி தன் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மொகுதூம் மட்டும் உட்காரவில்லை.

"மரம் வெடிச்சிரும், ஹஸ்ரத். நெழல்ல போட்டுரலாம்."

"ஆசாரியாரே, வெடிக்குமா?"

"நல்ல மரம், அசரத்தே. வெடிக்காது."

நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லச் சற்று முன்னால் மரத்தில் ஓரிடம் பளபளத்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. வெள்ளையாக ஏதோ இளகி, மரத்தின் வளைவில் இறங்கி, மணலில் சொட்டியது. ஹஸ்ரத் மரத்தை மெல்லப் புரட்டச் சொன்னார். மறுபக்கத்திலும் ஒன்று இளகத் தொடங்கியிருந்தது.

ஆசாரி ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையாக விட்டு ஆழம் பார்த்தார்.

"உளி சீவினா சுருள் விழும்," என்றார். "மணல்ல பொடி கெடந்துச்சு. நான் சாப்பிட்டு வந்தப்பவே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார் மொகுதூம்.

"சொன்னா, நானே போட்டுட்டு உங்க மேல பழி போடுறேம்பீங்க."

மொகுதூம் மணலைப் பார்த்தபடி சொன்னார்: "மூணும் நான் போட்டதுதான், ஹஸ்ரத். மூணு எடத்துலயும் நல்ல மரமாத்தான் இருக்கு."

"இருந்துச்சு," என்றார் ஆசாரி.

நிழலிலிருந்த படகுக்காரர் ஒருவர் கேட்டார்: "அதுக்காக மரத்தடியில உக்கார மாட்டேன்னா எப்படி, ஆசாரி? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மொறையை முழுசாச் சொல்லுங்க. பெரிய தண்டல் என்ன சொன்னாரு? மரத்துல கடைசியா எவன் கருவி வச்சானோ, அவன் உக்காரணும்னாரு. கடைசியா வச்சது நானா?"

பெரிய தண்டலின் பேச்சில் மீதிப் பாதி இப்போது மொகுதூமுக்கு நினைவு வந்தது.

"வேற மரம் வாங்கலாமா?" என்று கேட்டார்.

"சேத்துல கெடந்து எந்திரிக்க இன்னும் ஒரு மாசம் ஆகும். இதையே சரி பண்ணலாம். ஒவ்வொரு தொளைக்கும் புன்னையிலயே மர ஆணி செதுக்கி இறக்கணும். மேல கயித்தை நெருக்கமா சுத்திக் கட்டணும். தாங்கும்னுதான் நெனைக்கிறேன். பத்துப் பேரை ஏத்தாம, முதல்ல ஒருத்தர மட்டும் வச்சு ஓட்டிப் பாக்கணும்." ஆசாரி கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஆணிய நான் இறக்கினா, கடைசியாக் கருவி வச்சவன் நானாயிருவேன். மொறைப்படி நான் உக்காந்துருவேன். அதுல எனக்கு ஒண்ணுமில்ல."

பழைய பாய்மரமும் புன்னைதான். அதில் ஒரு துண்டை அறுத்து எடுத்தார். உளுப்பு மேலே ஏறாத பகுதி. அதிலிருந்து மூன்று மர ஆணிகளைச் செதுக்கினார். இதுபோன்ற சின்ன வேலைகளுக்குத்தான் அவர் பழைய மரத்தைக் கேட்டிருக்கிறார் என்பது மொகுதூமுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆசாரி ஆணிகளை மரத்தின் மேல் வரிசையாக வைத்தார். சுத்தியலைப் பக்கத்தில் வைத்தார்.

மொகுதூம் ஹஸ்ரத்தின் அருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "இது தாங்குமா, ஹஸ்ரத்? நீங்க சொன்னா நம்புறேன்."

"நான் தாங்கும்னு சொன்னா, நாளைக்கு என்னையும் தொளை போட்டுப் பாப்பீங்களே, காக்கா."

முதல் ஆணியை ஆசாரி இறக்கினார். இரண்டாவதையும் ஆசாரியே இறக்கினார்.

மூன்றாவதை மொகுதூம் இறக்கினார்.