மஞ்சள் சட்டை போட்ட இருளப்பன்

அந்தக் காலத்தில், பூச்சியும் செடியும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், வெட்டுக்கிளிகள் எல்லாம் கறுப்பாக இருந்தன. பிறவிக் கறுப்பில்லை, சட்டைதான் கறுப்பு. தாங்கள் உரித்துப்போட்ட பழைய தோலைக் கருவேலம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, தலையிலிருந்து கால் வரை மூடுகிற மாதிரி தைத்துக்கொள்வார்கள். அந்தத் தோல் சட்டை இல்லாமல் ஒருத்தரும் பந்தயத்துக்குப் போக முடியாது.

பந்தயம் என்றால் சும்மா ஓடிப் பிடிக்கிற விளையாட்டில்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு தடம் போடுவார்கள். கால் வைத்தால் புதைகிற புழுதி. நாலு சாணி வண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெட்டுக்கிளி. சிலந்தி குறுக்கே ஒரு நூலைக் கட்டியிருக்கும். அதை அறுத்துவிட்டதும் நாலு வண்டும் உறுமிக்கொண்டு கிளம்பும். நாலு சுற்று, எப்போதும் இடது பக்கமே திருப்பம். சாணி வண்டுக்குக் கிளம்பத் தெரியுமே தவிர நிற்கத் தெரியாது, எதன் மீதாவது முட்டினால்தான் நிற்கும். அதனால் வளைவு வந்ததும் வண்டைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, இடது காலைப் புழுதியில் இழுத்தபடி திருப்புவார்கள். பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் சோறு இறங்காது.

இவ்வளவும் எதற்கு என்றால், மடைக்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு கைப்பிடிப் பச்சைப் புல்லுக்கு. ஜெயித்தவன் வீட்டுக்கு மழை வருகிறவரை அந்தப் புல். மற்றவர்களுக்குச் சருகு.

கரையில் இருந்த கருவேல மரத்தின் உச்சிக் கிளையில் கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. விழுகிறவன்தான் அதற்கு வேண்டும். விழுந்தவனைப் புழுதி மூடியிருக்கிற வரைக்கும் அதற்குக் கண் தெரியாது. புழுதி அடங்குவதற்குள் வீட்டார் ஓடிப்போய் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் வளைவில் நிற்கலாம் என்பது கண்மாய் வழக்கம். பெரும்பாலும் பெண்டாட்டிதான் நிற்பாள்.

இருளப்பனுக்கு அப்படி நின்றவள் ஒச்சம்மா.

அவன் ஏறிய முதல் பந்தயத்திலேயே விபரீதம் நடந்துவிட்டது. கடைசி வளைவில் இருளப்பனும் அவன் பங்காளி மொக்கையனும் மோதிக்கொண்டு விழுந்தார்கள். எங்கே பார்த்தாலும் புழுதி. ஒச்சம்மாவும் ஓடினாள், மொக்கையனின் பெண்டாட்டி பெருமாயியும் ஓடினாள். ஒச்சம்மாவுக்குத் திக்குத் தெரியவில்லை, கையால் துழாவிக்கொண்டு அங்கேயே சுற்றினாள். பெருமாயி கெட்டிக்காரி. பதில் குரல் வந்த பக்கம் போய், காலில் இடறியவனைக் கப்பென்று பிடித்து நிழலுக்கு இழுத்து வந்து, முகத்தைத் துடைத்துப் பார்த்தாள். அது இருளப்பன்.

அவள் திரும்பி ஓடுவதற்குள் புழுதி அடங்கிவிட்டது. கரிச்சான் இறங்கி மொக்கையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பெருமாயி ஒச்சம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒச்சம்மாவுக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். துக்கம் கேட்கப் போனபோது பெருமாயி சொன்னது இவ்வளவுதான்: "கறுப்பா கெடந்துச்சு. எங்க வீட்டுக்காருன்னுதான் இழுத்தேன்."

அன்றிலிருந்து ஒச்சம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தன் புருஷனை இன்னொருத்தி தவறுதலாகத்தான் காப்பாற்றினாள். அடுத்த தடவை தானே தவறுதலாக வேறொருவனை இழுத்தால்? நாலு பேரும் ஒரே கறுப்பு, ஒரே உயரம், தலைமேல் ஒரே புழுதி. கையைப் பிடித்துப் பார்த்தாலும் தோல் சட்டைதான் அகப்படும்.

"இந்த வருசம் போவேண்டாங்க," என்றாள் இருளப்பனிடம்.

"ஏ புள்ள, மண்ணுக்குள்ள முட்டையைப் போட்டு வச்சிருக்கியே, அதுக பொரிஞ்சு வந்தா சருகையா திங்கும்?" என்றான் அவன். "போன தடவை பெருமாயி மதினி இழுத்துச்சு. இந்தத் தடவை நீ இழு. அம்புட்டுத்தான்."

அவனுக்கு எல்லாமே அம்புட்டுத்தான். ஆண்பிள்ளைகளில் சிலர் இப்படி. பயப்படுகிற வேலை முழுவதையும் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, தாங்கள் நிம்மதியாக மீசையை நீவிக்கொண்டு திரிவார்கள்.

சட்டைக்கு ஒரு நிறம் இருந்தால் போதும் என்று ஒச்சம்மாவுக்குத் தோன்றியது. எத்தனை புழுதியிலும் எடுத்துக் காட்டுகிற நிறம். நிறம் யாரிடம் இருக்கிறது? பூக்கிற செடிகளிடம். நேரே ஆவாரஞ்செடியிடம் போனாள். ஆவாரை உடம்பெல்லாம் மஞ்சளைப் பூத்துக்கொண்டு மினுக்காக நின்றது.

"உன் வீட்டுக்காரன் ஜெயிச்சிருக்கானா?" என்று கேட்டது ஆவாரை.

"இல்லைம்மா. போன பந்தயத்துல விழுந்துட்டாரு."

"விழுந்து பொரள்றவன் மேல என் நெறத்தைப் பூசினா யாருக்கு அசிங்கம்? மொதல்ல ஜெயிச்சுட்டு வரச் சொல்லு. நானே கூப்பிட்டுத் தாரேன்."

ஒச்சம்மா அழுதுகொண்டே குப்பைமேட்டு ஓரமாகத் திரும்பி வந்தாள். அங்கே எருக்கஞ்செடி நின்றது. அவள் அழுகிற காரணத்தைக் கேட்டது.

"எங்கிட்ட வந்து ஒருத்தரும் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை தாயி," என்றது எருக்கு. "ஆடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகும். பழுத்த எலையில மஞ்சள் இருக்கு, பூ ஓரத்துல நீலம் இருக்கு. எடுத்துக்க. என் பாலைத் தொட்டுப் பூசு, ஒட்டிக்கிடும். ஆனா அவரு பேரைச் சொல்றதுக்கு முன்னால என் பேரைச் சொல்லணும். எருக்குன்னு ஒருத்தி இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

"சொல்லச் சொல்றேன் ஆத்தா."

"இன்னொண்ணு. என் நெறத்தைப் போட்டவரு என் எலையைத்தான் திங்கணும். என் பேரைச் சுமந்துக்கிட்டு வேற வீட்டுல சாப்பிட்டா எனக்கு மரியாதை இல்லை."

"தின்னா உடம்புக்கு ஒண்ணும் செய்யாதே ஆத்தா?"

"எனக்கெப்படித் தெரியும்? தின்னவங்க யாரும் இல்லையே," என்றது எருக்கு.

ஒச்சம்மா பயந்துகொண்டேதான் முதல் இலையைக் கடித்தாள். தொண்டை வரை கசந்தது. ஆனால் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. பிறகுதான் புருஷனுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

நிறத்துக்கு இருளப்பன் ஒருவழியாக ஒத்துக்கொண்டான். அவள் எருக்கம்பாலைத் தொட்டு மஞ்சளைப் பூசி, அதன்மேல் நீலத்தில் கோடு கோடாக இழுத்தாள். இலையைத்தான் ஒரு கடி கடித்துவிட்டுத் தூரத் துப்பினான். அதற்குமேல் அவள் அவனைக் கேட்கவில்லை. எருக்கிலையை அரைத்துச் சருகோடு பிசைந்து தினமும் அவன் முன்னால் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்தான், ஆனால் தின்றான். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு போதும் என்பது அவளுக்குத் தெரியாது. வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால் செடி சாபம் விட்டுவிடுமோ என்று அது வேறு ஒரு பயம்.

பந்தய நாளில் இருளப்பன் தடத்துக்கு வந்ததும் கண்மாயே சிரித்தது. மூன்று கறுப்புச் சட்டைக்கு நடுவில் ஒரு மஞ்சள் சட்டை. "மாப்பிள்ளை பொண்ணு பாக்கப் போறாரா, பந்தயத்துக்கு வந்தாரா?" என்று கரையிலிருந்து ஒருத்தன் கேட்டான். பேர் கூப்பிடுகிற சில்வண்டு, சொல்லிக்கொடுத்தபடி, "எருக்கு இருளப்பன்" என்று நீட்டி முழக்கியது. குப்பைமேட்டில் எருக்கு நிமிர்ந்து நின்றது.

சிலந்தி நூலை அறுத்தது. வண்டுகள் பாய்ந்தன.

முதல் சுற்றில் புழுதி எழும்பியது. அதற்குள்ளே மஞ்சள் தெரிந்தது. இரண்டாவது சுற்றிலும் தெரிந்தது. ஒச்சம்மா வெகு நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டாள். அதோ போகிறார், அதோ வளைகிறார் என்று ஒரு விரலால் காட்டிவிடலாம் போல இருந்தது. சந்தோஷத்தில் அண்ணாந்து பார்த்தாள்.

கருவேல மரத்தில் கரிச்சானின் தலை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. வளைவில் வளைந்தது, நேர்த் தடத்தில் நேரானது.

ஒச்சம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பார்க்க வேண்டும் என்று பூசிய நிறத்தைக் கரிச்சானும் பார்க்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. நாலு கறுப்பில் ஒரு கறுப்பாக இருந்தவனை, இவன்தான் என்று அவளே அடையாளம் காட்டிவிட்டாள். தடத்தோரம் ஓடிக்கொண்டே, "நிறுத்துங்க, இறங்கிருங்க," என்று கத்தினாள். வண்டு உறுமுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் அந்த வண்டு நிற்கவா போகிறது?

நாலாவது சுற்று, கடைசி வளைவு. இருளப்பன் முன்னால் இருந்தான். பின்னால் வந்த வண்டு அவன் வண்டின் விலாவில் இடித்தது. அவன் தெறித்து விழுந்தான். எங்கே விழுந்தான் என்பது ஒச்சம்மாவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நேராக ஓடினாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

கரிச்சானுக்கும் அந்த இடம் தெரிந்தது. அதற்குப் புழுதி அடங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சர்ரென்று இறங்கி, அவள் கண் முன்னாலேயே அவனைக் கவ்விக்கொண்டு மேலே போயிற்று. வானத்தில் ஒரு சொட்டு மஞ்சள் போய்க்கொண்டிருந்தது. ஒச்சம்மா அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். நானே கொன்றுவிட்டேன் என்ற ஒரு நினைப்பைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

மடைக்கு மேலே போனதும் கரிச்சான் தடுமாறியது. தலையை இப்படியும் அப்படியும் உதறி, தூ என்று அவனைத் துப்பியது. பிறகு கிளைக்குப் போய் அலகை மரப்பட்டையில் தேய்த்தது, தேய்த்துக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு கசப்பை அது பிறந்ததிலிருந்து ருசி பார்த்ததில்லை.

இருளப்பன் மடைப் புல்லில் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் வீங்கியிருந்தது. ஒச்சம்மா ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள்.

"சோத்துல கலந்தது மொத நாளே தெரியும்," என்றான் அவன். "நீ அழுதுக்கிட்டே பெசைஞ்சே. எப்படி வேண்டாங்கிறது?"

அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. மறுநாள் விடிந்ததும் வெட்டுக்கிளிக் கூட்டம் மொத்தமும் குப்பைமேட்டில் நின்றது. எருக்கு யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லோருக்கும் மஞ்சளும் நீலமும் கொடுத்தது, எல்லோரையும் தன் இலையைத் தின்ன வைத்தது. ஆவாரைகூட ஆள் அனுப்பி, "வேணும்னா வாங்களேன்," என்று கூப்பிட்டுப் பார்த்தது. எருக்கம்பால் ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தச் சட்டையை அதன்பிறகு ஒருத்தராலும் கழற்ற முடியவில்லை. அதைக் கழற்ற வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் எருக்கிலை தின்னப் பழகியபின் மடைப் புல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ஆனால் பழகிய பந்தயத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. கால் ஆறியதும் இருளப்பன் மறுபடி பந்தயத்துக்குப் போனான். ஒச்சம்மா வளைவில் நின்றாள். நூல் அறுந்தது, நாலு மஞ்சள் பாய்ந்தது. நாலும் ஒரே மஞ்சள், ஒரே நீலக் கோடு. சில்வண்டுக்கும் அலுத்துப்போய், முழுப் பேரைச் சொல்வதை விட்டுவிட்டது. "எருக்கு முந்துறான், எருக்கு வளைக்கிறான், எருக்கு விழுந்துட்டான்," என்று ஒரே எருக்குப் பாட்டாகப் பாடியது.

விழுந்தது எந்த எருக்கு? கரிச்சான் இனி வராது என்று ஒச்சம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் பின்னால் உருண்டு வருகிற வண்டுகள் இருக்கின்றனவே. புழுதிக்குள் ஓடினாள். "ஏங்க, ஏங்க," என்று கூப்பிட்டாள். மற்ற வீட்டுப் பெண்களும் அதையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தக் கண்மாயில் எந்தச் சட்டத்தையும்விடப் பெரிய சட்டம். அதற்குள் வண்டுகள் ஒன்றோடொன்று முட்டி மற்ற மூவரையும் கவிழ்த்திருந்தன. புழுதிக்குள்ளிருந்து நாலு பக்கமும், "இங்கே இருக்கேன்," என்று பதில் வந்தது.

அவள் தோளை யாரோ பிடித்தார்கள். கரையிலிருந்து இறங்கி வந்த பெருமாயி.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு, ஒச்சம்மா."

"எப்படிக்கா சொல்றது?"

"நான் அன்னிக்கு அவரு பேரைச் சொல்லலை," என்றாள் பெருமாயி. "சொல்லியிருந்தா இந்தா இருக்கேன்னு கொரல் குடுத்திருப்பாரு. கைக்கு எட்டுற தூரந்தான். வெக்கப்பட்டுக்கிட்டு, ஏங்கன்னு கூப்பிட்டேன். உன் வீட்டுக்காரரும் ஒரு பொம்பளைக்கு ஏங்கதானே? அவருதான் பதில் சொன்னாரு."

ஒச்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருளப்பா," என்று கூப்பிட்டாள். பிறகு ஒரு முறை, பெரிதாக, "இருளப்பா."

வலது பக்கம் புழுதி அசைந்தது. அவன் நொண்டிக்கொண்டு வந்தான். பேரைச் சொல்லிவிட்டாளே என்று கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. எருக்கு, எருக்கு என்று கேட்டுக் கேட்டு, தன் பேர் இருளப்பன் என்பதையே அவன் மறந்துபோகிற நிலையில் இருந்தான்.

"வண்டு ஏறினது போதும்," என்றாள் அவள். "இனிமே எங்கேயாவது ஏறணும்னா என் முதுகுல ஏறிக்க. எனக்கு நிக்கத் தெரியும்."

அன்று முதல்தான் எருக்கு வெட்டுக்கிளி மஞ்சளும் நீலமுமாக எருக்கஞ்செடியை விட்டு நகராமல் இருக்கிறது. எந்தக் குருவியும் அதைத் தொடுவதில்லை, ஊரில் யாரும் அதை எருக்கு என்ற பேர் இல்லாமல் கூப்பிடுவதுமில்லை. பக்கத்தில் போய்ப் பாருங்கள். துள்ளி ஓடாது. பெண் வெட்டுக்கிளி தன் முதுகில் ஆணை ஏற்றிக்கொண்டு, கீழே விட்டுவிடுவோமோ என்ற பயத்தில், இன்னமும் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.