மதிலுக்கு மறுபடி ஒரு திறப்பு விழா

ஊமத்தம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் யாரிடமும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை. ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த டிக்கெட் இன்றைக்கும் அம்மன் கோயில் நகைப்பெட்டியில் இருக்கிறது.

அந்த ஊர் இளைஞர் நற்பணி மன்றம் ஒரு கணினி மையம் நடத்திவந்தது. மன்றத்தில் மூன்று இளைஞர்கள். மூவருக்கும் பேரன் பேத்தி உண்டு. கோட்டைச்சாமி தலைவர், சவரிமுத்து செயலாளர், மயில்வாகனம் உறுப்பினர். நோட்டீஸ் அடிக்கும்போது மயில்வாகனத்தை 'மற்றும் உறுப்பினர்கள்' என்று போடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை முத்துச்செல்வி என்ற பெண் மையத்துக்கு வந்தாள். மறுநாள் காலை அவளுக்கு டவுனில் நர்சிங் நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அச்சிட வேண்டியது ஒரே ஒரு தாள். ஊரில் இருப்பதும் ஒரே ஒரு கணினி.

கோட்டைச்சாமி கணினியைப் போட்டார். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது.

'மதில் பாதுகாப்பு மென்பொருள். கடுமையான பிழை. பாதுகாப்பைத் தொடங்க முடியவில்லை. கணினியை மறுபடி தொடங்கவும்.'

அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. பாதுகாப்பு இல்லை என்று படித்ததுமே மயில்வாகனம் கைகளை விரித்துக்கொண்டு கணினிக்கு முன்னால் நின்றுவிட்டார். அன்று காலை முழுக்க அவரைச் சுற்றித்தான் மற்றவர்கள் திரையை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பொத்தானை அமுக்கி, கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று முத்துச்செல்வி சொன்னாள். கோட்டைச்சாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தொடங்குறதுன்னா சும்மாவா, தாயி? தை மாசம் இதைத் தொடங்கும்போது பஸ் ஸ்டாண்டுல இருந்து மேளத்தோட கொண்டுவந்தோம், ரிப்பன் வெட்டினோம். மறுபடி தொடங்குன்னா அத்தனையும் மறுபடி. பொத்தானை அமுக்கினா அது வெறும் அமுக்கு."

வேலை ஆரம்பித்தது. வெட்டிய பழைய ரிப்பனைத் தேடி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போட்டார்கள். கணினியைக் கழற்றி, தள்ளுவண்டியில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், திரும்ப மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். தை மாதத்தில் அன்றைக்குத் தூறல் விழுந்தது சவரிமுத்துவுக்கு நினைவு வந்தது. ஆகவே மயில்வாகனம் குடத்தோடு மாடி ஏறி, கணினிக்கு மேலே பிடித்திருந்த குடையில் தண்ணீர் தெளித்தார்.

வாசற்படியில் ஊர்வலம் நின்றது. சவரிமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணாச்சி, சொல்றேன்னு கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு இந்தப் படியில நீங்க தடுக்கி விழுந்தீங்க."

"அது விழாவுல சேராது, வே."

"விழுந்த பிறகுதானே கணினி வேலை செஞ்சுது?"

கோட்டைச்சாமி நெடுநேரம் யோசித்தார். தலைவர் பதவி என்றால் சில கஷ்டங்கள் இருக்கத்தான் செய்யும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரியாக அதே படியில், அதே இடது பக்கமாக விழுந்தார். முழங்காலிலும் அதே இடத்தில்தான் சிராய்ப்பு.

கழற்றிய கணினியைத் திரும்பப் பொருத்திப் போட்டால் தானாகவே மறுபடி தொடங்கும் அல்லவா? தொடங்கியது. திரை பச்சையானது.

'மதில் தொடங்கியது. உங்கள் கணினி முழுப் பாதுகாப்பில் உள்ளது. வேறு பாதுகாப்பு ஏதேனும் இருந்தால் அகற்றவும்.'

முத்துச்செல்வி பிரிண்டர் பக்கம் ஓடினாள். சவரிமுத்து குறுக்கே வந்து நின்றார். தை மாதம் திறப்பு விழா அன்று கேசரி கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டதாகவும், அச்சு வேலை மறுநாள்தான் தொடங்கியதாகவும், இதில் மாற்றம் செய்தால் சிவப்புப் பெட்டி திரும்ப வந்துவிடும் என்றும் விளக்கினார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கேசரியில் அவளுக்கு இரண்டு கரண்டி அதிகம் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு வந்தால், ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் எடுத்துத் தருவதாகக் கோட்டைச்சாமி வாக்குக் கொடுத்தார்.

அவள் போனதும் மூவரும் திரையில் மிச்சம் இருந்த கட்டளையைக் கவனித்தார்கள். வேறு பாதுகாப்பை அகற்ற வேண்டும். பூட்டைக் கழற்றி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். வாசலில் படுத்திருந்த நாயை மயில்வாகனம் மச்சான் வீட்டில் விட்டுவந்தார். கதவு விஷயத்தில்தான் விவாதம் வந்தது. கதவு காற்றுக்காக வைத்தது என்றார் மயில்வாகனம். காற்றுக்காக என்றால் சுவரில் ஓட்டை மட்டும் விட்டிருப்பார்களே என்றார் சவரிமுத்து. கதவையும் கழற்றினார்கள். நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

காலை ஆறு மணிக்கு முத்துச்செல்வி வந்தபோது மேசை இருந்தது. கணினி இல்லை.

மூவரும் வெற்று மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"மதில் எங்கே இருந்துச்சு?" என்று கேட்டார் மயில்வாகனம்.

"கணினிக்கு உள்ளே."

"அப்ப அதுவும் கூடவே போயிருக்கு. திருடன் தூக்கிட்டுப் போறான், அப்பவும் காவலை விட்டு நகரலை பாருங்க."

கோட்டைச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் ஹால் டிக்கெட், மாமா?" என்றாள் முத்துச்செல்வி.

"அதுக்கு ஒண்ணும் ஆகாது, தாயி. முழுப் பாதுகாப்புல இருக்கு."

முத்துச்செல்வி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். தேர்வு மையத்துக்கு எதிரே, பரீட்சைப் பிள்ளைகளுக்காகவே விடியற்காலையில் திறந்திருந்த ஒரு கடையில் தாளை அச்சிட்டு வாங்கினாள். மணி அடிப்பதற்குள் உள்ளே போய் உட்கார்ந்தும் விட்டாள்.

இது மன்றத்துக்குத் தெரியாது. கொடுத்த வாக்கு அவர்களை உறுத்தியது. அட்டை ஒன்றை எடுத்து, கதவு இருந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்:

'கணினியை எடுத்துச் சென்றவர் கவனத்துக்கு. உள்ளே முத்துச்செல்வியின் ஹால் டிக்கெட் உள்ளது. ஒரு பிரதி எடுத்து உடனே டவுனில் அவளிடம் சேர்க்கவும். கறுப்பு வெள்ளை போதும்.'

கோட்டைச்சாமி அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். முகம் வாடியது.

"பாவம்வே, அவன் எப்படித் திறப்பான்? நம்ம மதில் விடுமா?"

அதுவும் நியாயம்தான். சவரிமுத்து பேனாவை வாங்கி, தெருமுனையில் நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி, கடவுச்சொல்லைக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்.