ஒன்பதாம் நம்பர் ஜெர்சி

இடிமுழக்கம் கால்பந்துக் கிளப்புக்கு அந்த சீசனில் பதினோரு ஆட்டம், எட்டு தோல்வி. கடைசி ஆட்டமும் போனால் மூன்றாம் டிவிஷனிலிருந்து நான்காவதுக்கு இறங்க வேண்டியதுதான். கிளப் தலைவர் சபாரத்தினம் யோசித்து யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்: ஜெர்சி துவைக்கும் பூங்காவனம்!

"ஜெர்சியில பீடை பிடிச்சிருக்கு. நாளைக்குள்ள அது போற மாதிரி துவைக்கணும். போகலைன்னா உனக்கு இங்க வேலை இல்லை!"

"துவைச்சிடலாங்க ஐயா. எதுல பீடைன்னு தெரிஞ்சா நல்லா அடிச்சே துவைப்பேன்" என்ற பூங்காவனம், நேற்றைய ஆட்டத்தின் அழுக்கு மூட்டையை அணி மொத்தமும் பார்க்க அவிழ்த்தாள்.

கோல்கீப்பர் சட்டையில் அரை மைதானம் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் சட்டையைப் பிழிந்தால் வாளி வாளியாக வியர்வை வரும். ஒன்பதாம் நம்பர் மட்டும் ஜவுளிக்கடை பொம்மையிலிருந்து கழற்றிய மாதிரி இருந்தது. அது சென்டர் ஃபார்வர்டு கிரிதரனுடையது. தலைவரின் மாப்பிள்ளை.

"நான் போட்ட இஸ்திரி மடிப்புகூடக் கலையலைங்க ஐயா."

"அழுக்கே ஆகாம ஆடுறது ஒரு திறமை!" என்று சீறினார் தலைவர்.

"அழுக்கு இல்லாம என்னங்க? முதுகுல பாருங்க, பஜ்ஜி எண்ணெயோட அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. கேலரியிலேர்ந்து இறங்கி வந்து, 'சபாஷ் மாப்ளே'ன்னு தட்டினது யாருங்க ஐயா?"

தலைவர் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கடைசி ஆட்டத்தன்று மாப்பிள்ளை கேலரியில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார். இடிமுழக்கம் ஒரு கோலில் தப்பித்தது. பஜ்ஜித் தட்டுதான் தப்பவில்லை.