மாத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்

புளியங்கொம்பை மாட்டுச் சந்தையில் மூன்று தரகர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊருக்குள் சொல்வார்கள். அது அபாண்டம். ஒன்றெல்லாம் கிடையாது.

மூத்தவன் சடையப்பன். கோபக்காரன். எவன் எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் குறைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவான். "மழை நல்லாப் பேயுதுங்க" என்றால்கூட "அவ்வளவெல்லாம் இல்ல, பாதி சொல்லு" என்பான். அடுத்தவன் நாட்ராயன், எதையும் ஆழமாக யோசிப்பவன். யோசித்து முடிப்பதற்குள் சந்தை கலைந்துவிடும். மூன்றாவது கருப்பணன். அவன் மற்ற இருவர் சொல்வதையும் அப்படியே செய்துவிடுவான். ஆபத்தே அவன்தான்.

ஆனால் எந்தத் தொழுவத்தில் எந்தக் கிடாரி சினையாக இருக்கிறது என்பது மாட்டுக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு தகவல் போக்குவரத்து. இதைக் கேள்விப்பட்டுத்தான் ஈரோட்டிலிருந்து ஹெலன் மேடம் தேடி வந்தார். வெளிநாட்டில் படிக்க என்னென்ன வழி இருக்கிறது என்ற சேதியை ஊர் ஊராக இளசுகளிடம் கொண்டுசேர்க்க அவர் ஒரு தகவல் வலை நடத்தி வந்தார். ஊருக்கு ஒரு மையம், மையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றி நாலு இடம் போய்ப் பேசத் தெரிந்த ஆட்கள். சேதி பரவ வேண்டுமென்றால் தரகனை விட்டால் யார் என்று நினைத்துவிட்டார். பாவம், படித்தவர்.

சந்தைக்குள் இருந்த பழைய சுங்க அறையில் கம்ப்யூட்டரை வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "ஒரு வீடு விடக் கூடாது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லணும். ஒரு வீட்டில் ஒன்று, அடுத்த வீட்டில் வேறு என்று இருக்கவே கூடாது."

மூவரும் தலையாட்டினார்கள். மறுநாள் கிளம்பினார்கள்.

முதல் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது கருப்பணன் தெரியாமல் அந்த வீட்டு நாயின் வாலை மிதித்துவிட்டான். நாய் வீலென்று கத்தியது. இரண்டாம் வீட்டில் நாயே இல்லை. மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"அங்க நாய் கத்துச்சு. இங்க கத்தலையே. ஒரே மாதிரி எப்படிச் சொல்றது?" என்றான் நாட்ராயன்.

"மேடம் வெகு கண்டிப்பாச் சொல்லியிருக்குது" என்றான் சடையப்பன்.

கருப்பணன் போய் முதல் வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்து வந்தான். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பாதி சொல்லி, வாலை மிதித்து, மீதியைச் சொன்னார்கள். பூட்டிக் கிடந்த வீட்டையும் விடவில்லை. பூட்டைப் பார்த்து முழுவதும் சொல்லி, "வெளங்குச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஐந்தாவது வீட்டில் நாய் தகவல் வலையிலிருந்து விலகிக்கொண்டது. விலகும்போது கருப்பணனின் கெண்டைக்காலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

ஊரில் ஒருத்தரும் விண்ணப்பிக்கவில்லை. மகனைக் கப்பலில் ஏற்றினால் நாய் கடிக்கும் என்று பேச்சு பரவிவிட்டது.

ஒரே ஒருத்தி மட்டும் மையத்துக்கு வந்தாள். கோகிலவாணி, சடையப்பனின் மகள். பால்வளம் படித்துவிட்டுப் பால் சொசைட்டியில் வேலை பார்த்தாள். பாலாடைக்கட்டி செய்யும் தொழிலை அடிமுதல் கற்க வேண்டும், நெதர்லாந்தில் அதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது, வேறு எங்கும் போக மாட்டேன் என்றாள். சடையப்பன் பூரித்துப்போனான். அவன் படித்ததெல்லாம் மாட்டிடம் உதை வாங்கித்தான்.

"போ அம்மிணி! உன்னைய அனுப்பாம உசுர வெச்சுட்டு என்ன பண்றேன்?" என்றான்.

விண்ணப்பத்துக்கு ஒரு போட்டோ கேட்டார்கள். வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது என்று போட்டிருந்தது. சுங்க அறைக்குள் மூவரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மாட்டுக்கு வயசு பார்ப்பதே பல்லை வைத்துத்தான்.

"பல்லைக் காட்டாத சரக்கை எவன் வாங்குவான்?" என்றான் நாட்ராயன்.

"வயசை மறைக்கறோம்னு நெனைப்பான்" என்றான் கருப்பணன்.

"என்ற புள்ளைக்கு மறைக்க என்ன இருக்குது? கண்ணு, வாயத் தொற!"

சடையப்பன் மகளின் மேலுதட்டைத் தூக்கிப் பிடிக்க, கருப்பணன் போட்டோ எடுத்தான். கோகிலவாணி வீட்டுக்குப் போய்த் தன் செல்போனிலேயே வேறு போட்டோ எடுத்து, தானே விண்ணப்பித்தாள். அதனால் இடம் கிடைத்தது.

அடுத்த வாரம் ஹெலன் மேடம் போன் செய்தார். "இது பரிமாற்றத் திட்டம். உங்க பொண்ணு ஒரு வருஷம் அங்கே. அங்கிருந்து ஒரு பையன் ஒரு வருஷம் உங்க வீட்டில், நம்ம ஊர்ப் பால் தொழிலைப் படிக்க. அவன் வந்ததும் ஏற்றுக்கொண்டோம்னு கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ளே அனுப்பிடணும். அனுப்பலைன்னா அந்த இடம் வேற ஊர்ப் பொண்ணுக்குப் போயிடும்."

போனை வைத்ததும் மூன்று முகங்களும் விளக்குப் போட்ட மாதிரி ஆயின. இத்தனை நாளும் வெளிநாட்டுப் படிப்பு அவர்களுக்கு இருட்டு. இதுதானா விஷயம்! இது மாத்து. நம் மாட்டைக் கொடுத்து அவன் மாட்டைப் பிடிப்பது. யார் மாடு ஒசத்தியோ அவனுக்கு எதிராளி மேலே ஏதாவது போட்டுக் கொடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து செய்கிற தொழில்!

பையன் வந்தான். பேர் யோரிஸ். பனைமரத்தில் பாதி உயரம், வெயிலில் வெந்து சிவந்த முகம். "வணக்கம்" என்று சிரித்தான். சிரித்த வாயை நாட்ராயன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

"அண்ணா! பல்லுக்கெல்லாம் கம்பி போட்டுக் கட்டியிருக்கறானுங்க!"

சடையப்பன் எட்டிப் பார்த்தான். ஆத்திரம் தலைக்கு ஏறியது. "பல்லை ராவி வயசைக் குறைக்கற திருட்டுப்பயல நான் பார்த்திருக்கறேன். விழுகற பல்லைக் கம்பி போட்டு நிறுத்தறவன இன்னைக்குத்தான் பார்க்கறேன்!"

கருப்பணன் பையனைச் சந்தையைச் சுற்றி மூன்று தடவை நடக்கவிட்டான். பிறகு ஓடவிட்டான். உச்சந்தலையில் சுழி பார்த்தான். இரண்டு இருந்தது. முதுகில் தட்டினான், பையன் திரும்பி இவன் முதுகில் தட்டினான்.

"மொரட்டுச் சுபாவம்" என்று முடிவு சொன்னான் நாட்ராயன்.

யோரிஸ் இதையெல்லாம் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து வீடியோ எடுத்துத் தன் ஊருக்கு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில் அந்தப் பள்ளித் தலைமை அம்மா வந்தார். நரைத்த தலை, சிரித்த முகம். கோகிலவாணி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"எங்க பையனைப் பிடிச்சிருக்குதான்னு கேக்கறாங்கப்பா."

"இரு இரு. மொதல்ல பேரமே பேசாம அவனைக் குடுக்க ஒத்துக்கிட்டாங்களே, அதெப்படி? கேட்டவொடனே குடுக்கறான்னா அந்த மாட்டுக்கு ஏதோ சீக்கு இருக்கும். மேல என்ன போட்டுக் குடுப்பாங்கன்னு கேளு."

"மேலயா? எதுக்குங்கப்பா?"

"நீ என்ன, அவன் என்ன! வாயில கம்பி, தலையில ரெட்டைச் சுழி. ஒண்ணுக்கு ஒண்ணு சமமா? இன்னொரு சின்னப் பையனாச்சும் சேத்துக் குடுக்கச் சொல்லு."

கோகிலவாணி திரையைப் பார்த்து, "அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷமாம்" என்று இங்கிலீஷில் சொன்னாள். தலைமை அம்மா கைகளைக் கூப்பினார்.

"பார்த்தீங்களா, கும்பிடறாங்க! எறங்கி வர்றாங்க!" என்று துள்ளினான் நாட்ராயன். "அண்ணா, எந்திரிச்சுப் போங்க. இதான் நேரம்."

பேரத்தில் அதுதான் கடைசி ஆயுதம். துண்டை உதறித் தோளில் போட்டு, வேண்டாம் என்று எழுந்து நடக்க வேண்டும். எதிராளி பதறிக் கூப்பிடுவான். சடையப்பன் துண்டை உதறினான்.

கோகிலவாணி அவன் கையைப் பிடித்தாள். "அப்பா, சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா என்ற படிப்பே போச்சுங்கப்பா."

"உன்னைய இளக்காரமா வாங்கிட்டுப் போக வுட்டுருவனா கண்ணு? நாள் முச்சூடும் எவனுக்கோ பேசறேன், என்ற புள்ளைக்குப் பேச மாட்டனா?" சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் பிசிறியது. அதை மறைக்கத்தான் இன்னும் வேகமாக நடந்தான்.

திரையில் தலைமை அம்மா கையசைத்துவிட்டு மறைந்துபோனார்.

சடையப்பன் சந்தை வாசலைத் தாண்டினான். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் பேரம் செத்துவிடும். திரும்பவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தான். செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினான். டீக்கடையில் நின்று விளம்பரப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தான். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. புளியங்கொம்பையில் சடையப்பனைக் கூப்பிடாமல் விட்டவன் இதுவரை ஒருவனும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. திரும்பிவிடலாமா? திரும்பினால் தரகனா? திரும்பாவிட்டால் அப்பனா?

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "அய்யா! வாங்க! அய்யா!"

யோரிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். கோகிலவாணி கற்றுக்கொடுத்து அனுப்பிய இரண்டு வார்த்தைகள்.

சடையப்பன் மீசையைத் தடவினான். "கூப்பிட்டானுங்களா இல்லையா!" என்று நிறுத்தத்தில் இருந்த எல்லாரிடமும் சொன்னான். ஓடியே வந்து கையெழுத்துப் போட்டான். மேலே என்ன கிடைத்தது என்று கேட்க எல்லாருமே மறந்துபோனார்கள்.

கோகிலவாணி விமானம் ஏறினாள். இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது.

பால் தொழில் படிக்க வந்த யோரிஸுக்கு ஒரு குறை. சடையப்பன் வீட்டில் மாடே இல்லை. தரகன் வீட்டில் மாடு எங்கே நிற்கும்? ஒரு வியாழக்கிழமை சந்தைக்குப் பெருந்துறைப் பக்கத்துப் பண்ணைக்காரர் மயில்வாகனம் கொழுத்த முர்ரா எருமை ஒன்றைப் பிடித்து வந்தார். யோரிஸை மேலும் கீழும் பார்த்தார்.

"பையன் ஆளு வாட்டசாட்டமா இருக்கறானே. வேலை செய்வானுங்களா?"

விரலைத் தொட்டு விலை பேச சடையப்பனின் கை தானாகத் துண்டுக்குள் போனது.

அடுத்த வாரம் ஹெலன் மேடம் போனில் அலறினார். "யோரிஸ் எங்கே? அவன் உங்க வீட்டில் இருக்கானான்னு பார்க்க திங்கட்கிழமை ஆள் வர்றாங்க. இல்லைன்னா உங்க பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவாங்க!"

மூவரும் மயில்வாகனத்தின் பண்ணைக்கு ஓடினார்கள். யோரிஸ் நாற்பது மாட்டுக்கு நடுவில் ஆனந்தமாகப் பால் கறந்துகொண்டிருந்தான். வர மாட்டேன் என்று தலையாட்டினான்.

"மாத்துன்னா மாத்துதான்" என்றார் மயில்வாகனம். "என்ற எருமையக் கொண்டாங்க, பையனைக் கூட்டிட்டுப் போங்க."

சடையப்பன் நாட்ராயனைப் பார்த்தான். நாட்ராயன் கருப்பணனைப் பார்த்தான். கருப்பணன் எருமையைக் கொடுத்து இரண்டு பசு பிடித்து, பசுக்களைக் கொடுத்து ஒரு ஜோடி காளை பிடித்து, காளைகளைக் கொடுத்துப் பத்து வெள்ளாடு பிடித்து, அவை இப்போது காங்கயம் பக்கம் எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்தன.

அன்று வரப்பின்மேல் உட்கார்ந்து நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் சடையப்பன் எழுந்தான். துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பேரம் பேசவில்லை.

"அம்மிணி, உங்க டீச்சரம்மாகிட்ட சொல்லு. திங்கட்கிழமைக்குள்ள அவசரமா இன்னொரு பையன் வேணும். நெறம், ஒசரம் ஒண்ணும் பார்க்க மாட்டோம். நடந்தாப் போதும்."