தூமிளத்தின் பால்

கேள்வி கேட்பதற்கென்றே ராஜாக்கள் பிறந்துகொண்டிருந்த காலத்தில், கழனிமங்கலம் நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கடல் ஏன் உப்புக் கரிக்கிறது, பூமி ஏன் நடுங்குகிறது, பனிமலைக்கு அப்பால் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று தினமும் காலையில் சபையைப் பார்த்துக் கேட்பார். பதில் சொன்னவருக்குத் தங்கத் தட்டிலிருந்து வெற்றிலை. ‘தெரியாது’ என்றவர் அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்து சபையோரின் செருப்பைக் காவல் காக்க வேண்டும்.

இந்த வழக்கம் வந்த பிறகு அந்தச் சபைக்குத் தெரியாததே இல்லை என்றாகிவிட்டது.

எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்திருப்பவர் அவைக்கவி சடையப்பக் கவிராயர். கடலரசன் மகளைக் கட்டிக்கொடுத்தபோது அழுத கண்ணீர்தான் உப்பு என்பார். பூமிக்குப் புரையேறினால் நடுக்கம் என்பார். சரியா தப்பா என்று பார்த்துவர யார் போகப்போகிறார்கள்? செருப்புக் காவலுக்கு நிரந்தரமாக ஒருவர் இருந்தார். அவர் மந்திரி தாண்டவராயர். தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் தாமாகவே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இருந்தும் நாட்டுக் காரியம் என்று வந்தால் ராஜா அவரைத்தான் கூப்பிட்டனுப்புவார். அதுதான் கவிராயருக்கு வயிற்றெரிச்சல். “மந்திரியாரே, என் செருப்பில் வார் அறுந்திருக்கிறது, பார்த்து வையும்” என்று தினமும் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் உள்ளே போவார்.

இப்படி இருக்கையில் ராஜாவின் ஒரே மகள் இளவேணிக்குக் காய்ச்சல் கண்டது. அரண்மனை வைத்தியர் மருதவாணர் நாடி பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ராஜா என்ன நோய் என்று கேட்டது சபை நடுவில். வைத்தியர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “பித்தச் சூடு” என்றார். வெற்றிலை கிடைத்தது. மருந்தும் ஆரம்பமாயிற்று. மருந்து உள்ளே போகப் போகப் பெண் துவண்டுகொண்டே வந்தாள். கஞ்சி இறங்கவில்லை. கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள்.

மந்திரி வைத்தியரைத் தனியே பிடித்துக் கேட்டார். மனுஷன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வைத்தியருக்கே நோய் தெரியாது என்று மந்திரிக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ராஜா கேட்பதற்கு முன் மந்திரி எழுந்தார். “அரசே, இன்று எனக்கொரு சந்தேகம். தூமிளம் என்றால் என்ன?”

இன்றைக்கும் இவருக்கு வாசல்தான் என்று சபை சிரித்தது. கவிராயர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். தூமிளம் பனிமலைக்கு அப்பால் மேயும் மிருகம், ஒட்டகத்தின் முதுகு, மானின் கால் என்றார். ராஜாவின் மனசு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதனால், அதன் பாலை ஒரு மிடறு குடித்தால் எந்தக் காய்ச்சலும் பறந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். சேனாதிபதி சும்மா இருப்பாரா? அதன் தோலில் ஈட்டி இறங்காது என்றார். ராஜாவுக்கு மட்டும் தெரியாமல் போனால் நன்றாயிருக்குமா? சின்ன வயசில் மாமன் ஊரில் தூமிளத்தின் மேல் சவாரியே போயிருப்பதாகச் சொன்னார்.

மந்திரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். “அப்படியானால் இளவரசி பிழைத்தார். அந்தப் பாலுக்கு ஆள் அனுப்புங்கள் அரசே.”

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிக் கவிராயரின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் சவாரி போனதாகச் சொன்னது பொய் என்று ராஜாவுக்குத் தெரியும். கவிராயர் சொன்னது மெய்யாக இருக்கக் கூடாதா என்று பெற்ற மனசு கிடந்து தவித்தது. “எங்கே கிடைக்கும், சொல்லும் கவிராயரே.”

கவிராயர் சொன்னார்: “பனிமலை வெகுதூரம் மகாராஜா. தங்கள் மாமன் ஊர் கிட்டத்தில்தானே இருக்கிறது? தாங்கள் சவாரி போன அந்த ஒன்றையே கறந்துவிடலாமே.”

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. ராஜாவே ஏறியிருக்கிறார் என்றதும், தான் உளறியது எப்படியோ நிஜமாகிவிட்டது என்று நம்பிவிட்டார், பாவம்.

ராஜாவின் கை நழுவியது. “நான் ஏறவில்லை” என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது.

“நானும் பார்த்ததில்லை” என்றார் கவிராயர்.

“யாரும் பார்த்திருக்க முடியாது” என்றார் மந்திரி. “இன்று காலை குளிக்கும்போது என் வாயில் வந்த சொல் அது. அப்படி ஒன்று எங்கும் கிடையாது.”

வைத்தியர்தான் முதலில் எழுந்தார். “இளவரசிக்கு என்ன நோய் என்று எனக்கும் தெரியாது அரசே. துறைமுகத்தில் கப்பலோடு வந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார். இதே மாதிரிக் காய்ச்சலைத் தீர்த்திருக்கிறாராம். முதல் நாளே கேள்விப்பட்டேன்.”

முதல் நாளே என்ற சொல் ராஜாவை அடித்த அடி கொஞ்சமில்லை. உடனே குதிரைகள் பறந்தன. கவிராயர் காலில் விழப்போனார். ராஜா தடுத்து, “உம்மை நான் என்னவென்று தண்டிப்பது? அத்தனை பொய்க்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்தது இந்தக் கைதானே” என்றார். கவிராயர் தாமாகவே தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ராஜா மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். மந்திரி வாங்கிக்கொண்டார், ஆனால் விரலில் போடவில்லை. “வாசலில் உட்கார்ந்து இத்தனை காலம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன் அரசே. அப்போதே எழுந்து வந்து பேசியிருந்தால், குழந்தை இப்படிக் கிடந்திருக்க மாட்டாள்.”

ராஜா மகளிடம் போனார். அவள் கண்ணைத் திறந்து, “எனக்கு என்னப்பா?” என்று கேட்டாள்.

“தெரியலையம்மா. தெரிந்தவரைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது.”

“நேற்றே சொல்லியிருக்கலாமே அப்பா. அந்தக் கசப்பு மருந்தையாவது குடிக்காமல் இருந்திருப்பேன்.”

கப்பல் வைத்தியர் வந்தார். பழைய மருந்தை நிறுத்தினார். பெண் மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தாள், பிறகு நடந்தாள். கழனிமங்கலத்துச் சபையில் அதற்குப் பிறகு எத்தனையோ கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்ததாம். ‘நேற்றே சொல்லியிருக்கலாமே’ என்று மகள் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் ராஜா கடைசி வரைக்கும் பதில் சொல்லவில்லை.