சித்திரகுப்தன் வரை போன முகவரி

இதில் வரும் பொய்யெல்லாம் என் கொழுந்தன் பாலமுருகேசனுடையது. கவலை மட்டும்தான் என்னுடையது.

கோவில்பட்டியில் அந்தோணி அண்ணாச்சியின் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் வல்லியின் கல்யாணப் பத்திரிகை மெஷினில் ஏறத் தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சிங்கப்பூரில் முழங்காலில் ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறார். "தாலி கட்டுவதை நான் பார்க்க வேண்டும், பத்திரிகையிலேயே நேரலை பார்க்கும் இணைய முகவரி போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார்; அவர் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் தவறிப்போனால் வல்லி அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பாள்? முகவரி செய்து தரும் பொறுப்பைக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கொழுந்தன் ஏற்றிருந்தான். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"முகவரி சரியா திறக்கும்ல தம்பி?"

"மதினி, கையால முகவரி எழுதுறவன் சாதாரண ஆளு. நான் புரோகிராமுக்குத் துண்டு துண்டா கொடுப்பேன், அதுவே கோத்துக்கும். சென்னையில ஒரு கம்பெனிக்கு ஒரு நீளமான முகவரி கோத்தேன். திங்கக்கிழமை அனுப்பினோம். தலை அமெரிக்கா போய்ச் சேந்துட்டு. வால் புதன்கிழமையும் எங்க ஆபீஸ் படியில இறங்கிட்டிருந்துச்சு. திருப்பத்துல சிக்காம இருக்க வாட்ச்மேன் ரெண்டு பேர் பிடிச்சு விட்டாங்க."

"வாலுக்கு டீ வாங்கிக் கொடுத்தீங்களா?" என்றார் அந்தோணி அண்ணாச்சி, மை தடவியபடியே.

"கேலி பண்ணாதீக அண்ணாச்சி. முகவரியில இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தா என் புரோகிராம் அடைச்சிரும். ஒரு நாள் தப்பா ஊர் முழுக்க ஓடவிட்டுட்டேன். ரேஷன் வரிசையில சந்து இல்ல. பஸ்ஸுல சந்து இல்ல. எங்க மானேஜருக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல பெரிய சந்து உண்டு. அதுவும் அடைச்சுப்போச்சு. அவர் சம்சாரம் எனக்குப் பழத்தட்டு கொண்டுவந்து கொடுத்துச்சு."

"அந்தப் பழத்தை நாங்க பாக்கலையே தம்பி" என்றேன்.

"இதுக்கே இப்படின்னா எப்படி? முகவரியில ரெண்டு புள்ளி வச்சா ஒரு படி மேல போகும். நான் வேகத்துல ஒரு முந்நூறு தடவை வச்சிட்டேன். கம்ப்யூட்டரைத் தாண்டி, கூரையைத் தாண்டி, மேகத்தைத் தாண்டிப் போயி, கடைசியில சித்திரகுப்தன் கணக்கு ஏடு திறந்துக்கிச்சு. என் பேரைப் போட்டு என் பாவத்தைத் தேடினேன். 'பக்கம் கிடைக்கவில்லை'ன்னு வந்துச்சு மதினி."

அந்தோணி அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். அச்சுக்குக் கொடுத்த முகவரியைப் பார்த்துப் பார்த்து அடித்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

அங்கேயும் பக்கம் கிடைக்கவில்லை.

"இங்க சிக்னல் மோசம்" என்றான் கொழுந்தன். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தான். அதில் வல்லியும் மாப்பிள்ளையும் மாலையோடு பளிச்சென்று வந்தார்கள். "பாத்தீங்களா?"

அண்ணாச்சி லேப்டாப் திரையில் முகவரியின் முதல் துண்டை விரலால் தொட்டார். "லோக்கல்ஹோஸ்ட்னு ஆரம்பிக்குதே தம்பி. போன வாரம் ஒரு காதுகுத்து அழைப்பிதழும் இப்படித்தான் வந்துச்சு. சோதிச்சுப் பாக்கும்போது போட்டதை மாத்தாம விட்டுட்டீங்க. இது அவங்கவங்க மெஷினுக்குள்ளேயே தேடும். உங்க லேப்டாப்பை விட்டு வாசப்படி தாண்டாது."

கொழுந்தன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அறுநூறு பத்திரிகை அண்ணாச்சி" என்றேன்.

"இன்னும் ஒண்ணுகூட ஓடலம்மா. அந்த வரியை எடுத்திரவா?"

"எடுத்திருங்க. என் தங்கச்சி மகளுக்கு வீடியோ கால் போடத் தெரியும். சம்பந்தியம்மாகிட்ட நானே பேசிக்கிடுதேன்."

"மதினி, ஒரு பத்து நிமிஷம் கொடுத்தா மாத்திருவேன்" என்றான் அவன்.

"வேண்டாம் தம்பி. சித்திரகுப்தன் வரைக்கும் போயிட்டு வந்த களைப்பு இருக்கும். முகூர்த்தத்தன்னைக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு நீயே சிங்கப்பூர் போய்க் காட்டிட்டு வா. பந்தியில ஒரு இலை மிச்சம்."